பூகோள டீச்சருக்குத் திசை தெரியாது

புதிதாக ஒரு பூகோள டீச்சர் வரப்போவதாகத் தலைமையாசிரியை சொல்லியிருந்த அன்று காலை, தெற்குமாசி வீதியில் வெற்றிலைக் கடை ஓரமாக ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். கையில் குடை, தோளில் துணிப்பை. போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்தி, "இது எந்த மாசி வீதிங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கடைக்காரர், "தெக்குமாசி வீதிம்மா" என்றார். "தெக்குமாசியிலருந்துதான் காலையில பொறப்பட்டேன்" என்றாள் அவள். அது உண்மைதான். கோயிலைச் சுற்றி நாலு மாசி வீதியையும் நடந்து முடித்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்திருந்தாள்.

நான் பக்கத்தில் போய், எங்கே போக வேண்டும் என்று கேட்டேன். எங்கள் பெண்கள் பள்ளிக்கூடத்தைச் சொன்னாள். அங்கே என்ன ஜோலி என்றேன்.

"பூகோளம் சொல்லிக்குடுக்க வந்திருக்கேன்" என்றாள்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவள் முகத்தில் கூச்சம் என்று ஒன்று துளிகூட இல்லை. மதுரைக்காரி நான், கணக்கு டீச்சர் வேறு. ஒரு கேள்விக்கு ஒரு விடை என்று பழகியவள். விடை தெரியாவிட்டால் எனக்கு முகம் சுண்டிப்போகும். இவளுக்கு ஏன் சுண்டவில்லை என்பது அன்றைக்கே புரியவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் புரிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

எங்கள் பள்ளிக்கூடம் காஜிமார் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு பழைய வாடகை வீடு. உள்ளே வெயில் விழாது. ஒரு நீளக் கூடத்தை ஓலைத் தட்டி வைத்து இரண்டாக்கியிருந்தார்கள். தட்டிக்கு இந்தப் பக்கம் என் கணக்கு, அந்தப் பக்கம் அவள் பூகோளம். தட்டி இடுப்புயரத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். அவள் வகுப்பில் நடப்பதெல்லாம் எனக்குக் கேட்கும், எட்டிப் பார்த்தால் தெரியும். என் பிள்ளைகள் பெருக்கலை விட்டுவிட்டு அந்தப் பக்கத்துக் கதையைக் காதில் வாங்கிக்கொண்டிருக்கும். அதனால் எனக்கு அவள்மேல் கோபம் உண்டு.

அவள் கீழக்குயில்குடிக்காரி. என்னைவிட இளையவள். விவசாயச் சம்சாரி வீட்டுப் பெண், எப்படியோ முட்டி மோதி ட்ரெயினிங் முடித்திருந்தாள். "எங்க ஊர்ல மலை இருக்கு டீச்சர். கண்ணைக் கட்டிச் சுத்திவிட்டாலும், தெறந்ததும் மலையப் பாத்தா நான் எங்க நிக்கிறேன்னு தெரிஞ்சிரும். இங்க எந்தப் பக்கம் திரும்பினாலும் கோபுரமா இருக்கு, எதைன்னு பாக்கிறது?" என்பாள். நாலு பெரிய கோபுரத்தில் தெற்குக் கோபுரம்தான் உயரம், அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாமே என்று யோசனை சொன்னேன். "உசரமா இல்லையான்னு தெரிய இன்னொன்னைப் பக்கத்துல வச்சுப் பாக்கணுமே. ஒரு நேரத்துக்கு ஒண்ணுதான கண்ணுல படுது" என்றாள். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் இரண்டு பிள்ளைகள் அவளைக் கூட்டிக்கொண்டு போய் அவள் சித்தி வீட்டில் விட்டுவிட்டு வரும். டீச்சரைப் பிள்ளைகள் கொண்டுபோய் விடுகிற பள்ளிக்கூடம் எங்கள் ஊரில் அது ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

வகுப்பிலும் இதே கதைதான். ஆறு என்றால் என்ன என்ற பாடம். மலையில் பிறந்து சமவெளியில் ஓடிக் கடலில் கலக்கும் நீர் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. பிள்ளைகளும் ராகமாகச் சொல்லிவிட்டார்கள். நானாக இருந்தால் அதோடு அடுத்த பாடத்துக்குப் போயிருப்பேன். இவள், "நம்ம வைகையில தண்ணி எங்க?" என்று கேட்டாள். மணல்தான் இருக்கிறது என்றார்கள். "கடலுக்குப் போகுதா?" என்று கேட்டாள். ராமநாதபுரம் பக்கத்தில் ஏதோ பெரிய கண்மாயோடு நின்றுவிடும் என்று ஒரு பிள்ளை தாத்தா சொல்லக் கேட்டதைச் சொன்னது. "அப்ப வைகை ஆறா, இல்லையா?" என்று அவளே கேட்டுவிட்டு, அவளே முழித்தாள். கரும்பலகையில் கங்கை, காவிரி என்று ஆறுகளின் பெயரை வரிசையாக எழுதி, கடைசியில் வைகை என்று எழுதி, பக்கத்தில் 'தெரியவில்லை' என்று போட்டாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் அதைப் பார்த்துவிட்டு, "வைகை ஆறு இல்லைன்னு மதுரையில வந்து எழுதிப் போட்டிருக்கீங்களே, ஊர்க்காரன் பாத்தா விடுவானா?" என்று கேட்டேன். "இல்லைன்னு எழுதலையே டீச்சர். தெரியலைன்னா தெரியலைதான?" என்றாள். இந்த ஒரு வார்த்தையை அவள் எத்தனை தரம் சொல்லியிருப்பாள் என்று கணக்கே இல்லை.

அடிவானத்துக்கு அவள் பட்ட பாடு தனி. வானமும் பூமியும் தொடுவதுபோலத் தெரிகிற இடம் அடிவானம். அதை நேரில் காட்ட வேண்டும் என்று பள்ளிக்கூடத்து ஆயாவையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு பிள்ளைகளை வைகை மணலுக்குக் கூட்டிப் போனாள். ஒரு பக்கம் தென்னந்தோப்பு, வானம் தோப்பில் போய் முட்டியது. இன்னொரு பக்கம் வீடுகள், அதற்கு மேல் கோபுரம். சரி, கொஞ்சம் தள்ளிப் போனால் தெரியும் என்று மணலிலேயே நடந்திருக்கிறார்கள். கோச்சடை வரைக்கும் போய்விட்டார்கள். அங்கே வானத்தை மலை மறித்துக்கொண்டது. விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் பிள்ளைகள் வீடு திரும்பவில்லை. பெற்றவர்கள் வந்து பள்ளிக்கூட வாசலில் நின்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள். எல்லாரும் கால் முழுக்க மணலோடு திரும்பி வந்தபோது ஆயா என்னிடம், "எம்புட்டுத் தூரம் நடந்தாச்சு, அந்தப் பாழாப்போன அடிவானம் எங்கயுமே இல்ல தாயி" என்றாள். மறுநாள் அவள் வகுப்பில், "அடிவானம் இருக்குன்னு பொஸ்தகத்துல போட்டிருக்கு. நாம பாக்கலை" என்று சொல்லிப் பாடத்தை முடித்தாள். தலைமையாசிரியை கூப்பிட்டு வெளுத்து வாங்கிவிட்டார்.

இத்தனைக்கும் பிள்ளைகளுக்கு அவள் என்றால் உயிர். அவள் வகுப்பில் யார் வேண்டுமானாலும் எதையும் கேட்கலாம். காஜிமார் தெரு தையல்கடைக்காரர் மகள் ஜமீலா என்று ஒரு பிள்ளை, கேள்வி கேட்பதில் கெட்டிக்காரி. பூமி உருண்டை என்று பாடம் நடந்த அன்று எழுந்து நின்று, "டீச்சர், எங்க அத்தா மேக்கால பாத்துத்தான் தொழுவாக. மக்கா அங்கிட்டு இருக்கு. பூமி உருண்டைன்னா கிழக்கப் பாத்து நின்னாலும் சுத்திக்கிட்டு மக்காவுக்குத்தான போகும்?" என்று கேட்டாள். அவள், "எனக்குத் தெரியலையே ஜமீலா. அத்தாட்ட கேளு" என்றாள்.

ஜமீலாவின் அப்பா, அந்த அத்தா, மறுநாள் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். பெண்ணை நிறுத்திவிடப் போகிறார் என்று எனக்குப் பயம். அவர் வாசலுக்கு வெளியே ஒதுங்கி நின்று, "டீச்சரம்மா, பிள்ளை கேட்டதுக்கு எனக்கும் ராத்திரி பூரா விடை ஓடலை. பள்ளிவாசல்ல ஓதிக்குடுக்கிற அஜரத்துக்கிட்டக் கேட்டேன். எந்தப் பக்கம் தூரம் கம்மியோ அந்தப் பக்கம் பாத்து நிக்கணுமாம். அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்" என்றார். அவளுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். அவரை வைத்துக்கொண்டே தட்டி வழியாக என்னைக் கூப்பிட்டு, "கேட்டீகளா டீச்சர், குறுக்கு வழியாம்" என்றாள். சின்னப் பிள்ளை மிட்டாய் வாங்கின மாதிரி இருந்தது.

அன்றிலிருந்து ஜமீலாதான் அவளுக்குத் திசை. வெயில் விழாத அந்தக் கூடத்தில் தினமும் பாடம் தொடங்கும் முன், "ஜமீலா, அத்தா எங்கிட்டுப் பாத்துத் தொழுவாக?" என்று கேட்பாள். ஜமீலா கையை நீட்டுவாள். அதை வைத்துக்கொண்டு இவள் மற்ற மூன்று திசையையும் கண்டுபிடிப்பாள். அதிலும் சில நாள் வடக்கும் தெற்கும் மாறிப்போகும், பிள்ளைகள் திருத்துவார்கள்.

இனித்தான் தேசப்படத்தின் கதை. எங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தது ஒரே ஒரு இந்தியா தேசப்படம். ஜன்னலும் அலமாரியும் போக வெறுமையாக இருந்த சுவர் தெற்குச் சுவர் ஒன்றுதான், அதனால் அது எப்போதும் அங்கேதான் தொங்கும். படத்தில் வலப்பக்க ஓரத்தில் கிழக்கு என்று போட்டிருக்கும். தெற்குச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு வலப்பக்கம் மேற்கு. எங்கள் சீமையில் யாரும் இடம், வலம் என்று பேசுவதில்லை. சோற்றுப் பந்தியில்கூட, "கொஞ்சம் தெக்கால தள்ளி உக்காரு", "கிழக்கால இருக்கிற சொம்பை எடு" என்றுதான் பேச்சு. அப்படி வளர்ந்த பிள்ளைகளிடம், மேற்குப் பக்கத்தைக் காட்டி இதுதான் கிழக்கு என்றால் சிரிக்காமல் என்ன செய்யும்? "கிழக்குக் கடல் எங்க அத்தா தொழுற பக்கமா டீச்சர் இருக்கு?" என்றாள் ஜமீலா. அதற்கு முன்னால் இருந்த பூகோள டீச்சர்களெல்லாம், படத்தில் சொன்னதைச் சொல் என்று ஒரு அதட்டுப் போட்டுத் தாண்டிவிடுவார்கள். இவள் இரண்டு நாள் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மூன்றாம் நாள் ஆணியிலிருந்து கழற்றித் தரையில் விரித்துவிட்டாள். ஜமீலாவைக் கேட்டுக் கேட்டுத் திருப்பி வைத்தாள். படத்தின் கிழக்கு அறையின் கிழக்கில் வந்து நின்றது. பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். எட்டிப் பார்த்த எனக்கே, சொல்லப் போனால், அன்றைக்குத்தான் தேசப்படம் பிடிபட்டது.

தலைவலி அதன் பிறகுதான். படம் பெரியது. நடுவில் இருக்கிற ஊரைத் தொட வேண்டுமென்றால் படத்தின் மேல் ஏறித்தான் ஆக வேண்டும். எழுத்து இருக்கிற காகிதத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது இங்கே எந்தப் பிள்ளைக்கும் கேட்டுச் செய்ய வேண்டிய காரியம் இல்லை. மதுரையிலிருந்து டெல்லிக்குப் போகிற பிள்ளை ஒவ்வொரு அடிக்கும் குனிந்து தொட்டுக் கும்பிட்டுப் போகும். டெல்லி போய்ச் சேர்வதற்குள் மணி அடித்துவிடும். பள்ளிக்கூடக் கமிட்டியில் கதர் கட்டின பெரியவர் ஒருவர் இருந்தார். அவர் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, தாய்நாட்டைக் காலில் மிதிக்கிறார்களே என்று கொதித்துப் போனார். தலைமையாசிரியை அறையில் வெள்ளைக்கார ராஜா படம் மாட்டியிருக்கும், அவருக்கு வேறு பயம், ராஜாங்கத்தை மிதித்தார்கள் என்று எவனாவது எழுதிப் போட்டுவிடுவானோ என்று. ஒரே காகிதத்தை மிதித்ததற்கு இரண்டு பேரும் இரண்டு திக்கிலிருந்து திட்டினார்கள். அவள் எனக்கும் உங்களுக்கும் தெரிந்த பதிலைச் சொன்னாள். "மிதிக்கலைங்க, நடக்குதுக. தப்பா சரியான்னு எனக்குத் தெரியலை."

தலைமையாசிரியை முடிவாகச் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்தைச் சோதித்துப் பார்க்க இன்ஸ்பெக்டரம்மா வருகிற அன்று படம் ஆணியில் தொங்க வேண்டும். பிள்ளைகள் குச்சியால் தொட்டுக் காட்ட வேண்டும். இன்ஸ்பெக்டரம்மா நல்லபடியாக எழுதினால்தான் வேலை நிரந்தரம், இல்லையென்றால் அந்த மாதத்தோடு நின்றுகொள்ள வேண்டியதுதான்.

அவளுக்கு அந்த வேலை போனால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். அவள் அக்காள் இரண்டு குழந்தைகளை விட்டுவிட்டுச் செத்துப் போயிருந்தாள். அக்காள் புருஷன் கப்பலூரில் விவசாயம். இவளை அங்கேயே கட்டிக்கொடுத்துவிடலாம் என்று வீட்டில் பேசி வைத்திருந்தார்கள். வேலை நிரந்தரமானால் விட்டுவிடுகிறோம், இல்லாவிட்டால் பேசாமல் கழுத்தை நீட்ட வேண்டும் என்று அவள் அண்ணன் கெடு வைத்திருந்தார். ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவும்போது அவளிடம் நேராகவே கேட்டேன். அந்த ஆளைப் பிடிக்கவில்லையா என்று.

"அத்தான் நல்ல மனுசந்தான் டீச்சர். பிள்ளைகளும் எங்கிட்ட ஒட்டிக்கிரும். வேணாம்னு சொல்லவும் தெரியலை, வேணும்னு சொல்லவும் தெரியலை. ஆனா இந்த வேலை வேணும். அது நல்லாத் தெரியும்" என்றாள்.

அவள் வாயிலிருந்து 'தெரியும்' என்று நான் கேட்டது அந்த ஒரு தரம்தான். அதனால்தான் இன்ஸ்பெக்டரம்மா வந்த நாளை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

இன்ஸ்பெக்டரம்மா வந்தார். கும்பகோணம் பக்கத்துக்காரர், மூக்குக்கண்ணாடி, அதிர்ந்து பேசாத மனுஷி. கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். என் வகுப்பைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் போனார். படம் ஆணியில் தொங்கியது. ஒரு வாரமாக அவள் பிள்ளைகளுக்கு, படத்துக் கிழக்கு வேறு, தரைக் கிழக்கு வேறு, கேட்கிறவர் எதைக் கேட்கிறார் என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று பாடம் நடத்தியிருந்தாள். பிள்ளைகள் முன்னைக்கு இப்போது நன்றாகக் குழம்பியிருந்தார்கள். இன்ஸ்பெக்டரம்மா படத்தின் முன்னால் நின்று, முன் வரிசையில் இருந்த ஜமீலாவைப் பார்த்து, "கிழக்கு எது, காட்டு" என்றார்.

ஜமீலா டீச்சரைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், இடது கையை நீட்டினாள். அந்தப் பக்கம் படத்தில் பம்பாய் இருந்தது.

"அது மேற்கு அல்லவா?"

"இல்லைங்க, கிழக்கு. எங்க அத்தா அங்கிட்டு முதுகு காட்டித்தான் தொழுவாக."

இன்ஸ்பெக்டரம்மா டீச்சர் பக்கம் திரும்பி, "நீங்கள் என்ன சொல்லிக் கொடுத்தீர்கள்?" என்று கேட்டார்.

"பிள்ளை சொன்னதும் சரிதாம்மா, நீங்க சொன்னதும் சரிதான்" என்றாள் அவள். படம் தெற்குச் சுவரில் தொங்குவதையும், அதனால் வருகிற குழப்பத்தையும் எடுத்துச் சொன்னாள். நன்றாகத்தான் சொன்னாள். இன்ஸ்பெக்டரம்மா இரண்டு தரம் திரும்பி நின்று பார்த்தார், தலையை ஆட்டினார். ஜெயித்துவிட்டாள் என்றே நினைத்தேன். அப்போது இன்ஸ்பெக்டரம்மா சிரித்துக்கொண்டே, "ஆமாம், இந்த இருட்டில் எனக்கும் திசை தெரியவில்லை. நீங்கள் எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியாதும்மா. தினம் இந்தப் பிள்ளையத்தான் கேட்டுக்குவேன்" என்றாள்.

இன்ஸ்பெக்டரம்மாவுக்குச் சிரிப்பு நின்றது. "விளையாட்டுக்குச் சொல்கிறீர்கள். இவளைக் கேட்காமல் உங்களுக்குத் தெரியும்தானே?"

தெரியும் என்று ஒரு வார்த்தை. தலையை ஆட்டியிருந்தால்கூடப் போதும். பின்னால் நின்ற தலைமையாசிரியை அவளுக்குக் கண்ணைக் காட்டினார். தட்டிக்கு மேலே நான் கையெடுத்துக் கும்பிடாத குறையாக அவளையே பார்த்தேன். அவள் யோசித்தாள். அங்கேயும் இங்கேயும் பார்த்தாள். உண்மையிலேயே தனக்குத் தெரிகிறதா என்று தேடிப் பார்த்தாள் என்றுதான் தோன்றுகிறது.

"தெரியாதும்மா" என்றாள்.

கிழக்கு மேற்கு தெரியாதவரைப் பூகோளம் நடத்த வைக்கலாகாது என்று இன்ஸ்பெக்டரம்மா எழுதிவிட்டுப் போனார். அந்த அம்மாள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் வேறு எதை எழுதியிருப்பேன் என்று சொல்லத் தெரியவில்லை. அவள் செய்தது நேர்மையா, பிழைக்கத் தெரியாத அசட்டுத்தனமா? ஒரு நாள் ஒன்று தோன்றும், மறுநாள் மற்றது தோன்றும்.

மாதக் கடைசியில் அவள் அண்ணன் வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார். பள்ளிக்கூட வாசலில் மாடு நின்றது. பிள்ளைகள் வண்டியைச் சுற்றிக்கொண்டார்கள். ஜமீலா தன்னால்தான் என்று நினைத்து அழுதுகொண்டிருந்தாள், அவள் அந்தப் பிள்ளையின் கன்னத்தைத் துடைத்துவிட்டு, "நீ சரியாத்தான்டி காட்டின" என்றாள். பிறகு என்னிடம் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். எனக்கு இருந்த கோபத்தில் முகம் கொடுத்துப் பேசக்கூட முடியவில்லை.

"சரி டீச்சர், போறேன்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எந்த வீட்டில், எந்த வாசலில் அப்படிச் சொல்வார்கள்? பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூட அப்படிச் சொல்லிப் பழக்க மாட்டார்கள். "என்ன பேச்சு இது? போயிட்டு வாரேன்னு சொல்லுங்க" என்றேன். அண்ணனும் வண்டியில் இருந்தபடியே, "நல்ல வார்த்தை சொல்லிட்டு ஏறு தாயி" என்றார்.

அப்போதுதான் முதல்தடவையாக அவள் கண் கலங்கியதைப் பார்த்தேன்.

"வருவனான்னு தெரியலையே டீச்சர்" என்றாள்.

நான் அவள் கையை விடாமல், சும்மா ஒரு பேச்சுக்குத்தானே, சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். அவள் சொல்லவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்தாள், வண்டி தெருமுனை திரும்பிப் போய்விட்டது. அதற்குப் பின்னால் நான் அவளைப் பார்க்கவில்லை. வாரேன் என்று சொல்லிவிட்டுப் போய் வராமலே இருந்துவிட்டவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் யாருடைய முகமும் இப்போது எனக்கு நினைவில் இல்லை.